ஜானகி அம்மாள் அட்டை: தாத்தா முடிச்சு அவிழ்ந்தது

ஜானகி அம்மாளின் தாத்தா எந்த ஹானிங்டன் என்று மூன்று வாரமாக என்னை விடாமல் பிடித்திருந்த குழப்பம் நேற்று ராத்திரி தீர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன், வேலை இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.

நவம்பர் 4, தாவரவியல் அறிஞர் ஈ.கே. ஜானகி அம்மாள் பிறந்த நாள். 1897, தலைச்சேரி. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) வருஷா வருஷம் அவரைப் பற்றி ஒரு தாள் ஒட்டுவோம். இந்த முறை மாஷ், அதாவது எங்கள் மலையாள வாத்தியார், கறாராகச் சொல்லிவிட்டார்: "தம்பி, தமிழ்ல நீ எழுது, மலையாளத்துல நான் எழுதறேன். ரெண்டுலயும் ஒரே விவரம் இருக்கணும், பார்த்துக்க." போன வருஷத் தாளில் தமிழில் ஒரு வருடம், மலையாளத்தில் வேறு வருடம். அதைப் பள்ளிப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை ஒரு தகவலுக்கு ஓர் அட்டை, இரண்டு தனித்தனி ஆதாரம் இல்லாமல் எதுவும் தாளில் ஏறாது என்று முடிவு செய்தேன்.

அப்பா திவான் பகதூர் ஈ.கே. கிருஷ்ணன், தலைச்சேரியில் சப்-ஜட்ஜ். அம்மா தேவி. இதுவரை சிக்கலே இல்லை. தேவியின் அப்பா ஜான் சைல்ட் ஹானிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் ரெசிடென்டாக, அதாவது சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்தவர். நான் முதலில் நம்பிய ஒரு குறிப்பில், தாத்தா ராணுவ ஜெனரல் என்றும் கணித அட்டவணை போட்டவர் என்றும் இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. திருவிதாங்கூர் ரெசிடென்டுகளில் கர்னல் மன்றோ, ஜெனரல் கல்லன் என்று ராணுவக்காரர்கள் இருந்திருக்கிறார்களே, இவரும் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டேன்.

இடித்தது வயது. 1876-இல் கப்பலோட்டிகளின் சந்திர தூரக் கணக்குக்காக ஹாவர்சைன் என்ற கணித அட்டவணையை வெளியிட்ட மேஜர் ஜெனரல் ஹானிங்டன் ஒரு தலைமுறை மூத்தவர். அவர் பெயர் ஜான் கால்ஃபீல்டு ஹானிங்டன், ரெசிடென்ட் ஜான் சைல்ட் ஹானிங்டன். இருவருக்கும் சுருக்கம் ஜே.சி.தான்! யாரோ ஒருவர் முதலெழுத்தை மட்டும் பார்த்து இரண்டு பேரையும் ஒட்டிவிட, பின்னால் வந்தவர்கள் அதையே நகலெடுத்திருக்கிறார்கள். நானும் எடுத்திருப்பேன்.

பிரிக்க உதவியது அந்தக் கால ஆங்கிலேய அதிகாரிகளின் பணிப்பட்டியல்தான். சிவில் ஆட்களுக்கு ஒரு பட்டியல், ராணுவத்துக்கு வேறு பட்டியல். ஒரே பெயர்ச்சுருக்கம் இரண்டிலும் வந்தால் ஆள் ஒருவர்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வேலையில் சேர்ந்த வருடம், மாகாணம், பதவி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதியதும் பத்து நிமிஷத்தில் இரண்டு வாழ்க்கை தனித்தனியாகப் பிரிந்து நின்றது. இன்னொன்று, இந்தக் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒய் (y) எழுத்து வரும், ஐ (i) வராது. ஐ போட்டுத் தேடினால் உகாண்டாவில் கொல்லப்பட்ட பிஷப் ஹானிங்டன்தான் வரிசையாக வருவார், அதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. மூன்றாவதாக ஃபிராங்க் ஹானிங்டன், ரெசிடென்டின் மகன், குடகு கமிஷனர், வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சி செய்தவர். அப்படியென்றால் ஜானகி அம்மாளுக்கு மாமன் முறை!

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பாட்டி பெயர். "ஆங்கிலேய அதிகாரியின் பேத்தி" என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாட்டி குஞ்ஞி குறும்பி. ஹானிங்டனுக்கும் அவருக்கும் சட்டப்படி மணமாகவில்லை, அவர்கள் மகள்தான் தேவி. இதை மழுப்பாமல் எழுத வேண்டும், பாட்டி பெயரும் தாத்தா பெயரும் ஒரே வரியில் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று மாஷிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஆங்கில எழுத்தில் பார்த்தால் குரும்பியா குறும்பியா என்றே தெரியாது. மாஷ் வட மலபார்ப் பக்கம் வேலை பார்த்தவர், கேட்டதுமே "வல்லின ற போடு" என்றார்.

மற்ற அட்டைகள் சீக்கிரம் முடிந்தன. பத்மஸ்ரீ 1957 என்று சில இடங்களில் இருக்கிறது, சரியான வருடம் 1977. 1957-இல் கிடைத்தது தேசிய அறிவியல் கழகத்தின் ஃபெலோ தகுதி, அந்த வருடம் இங்கே தாவியிருக்க வேண்டும். மிச்சிகனில் டாக்டர் பட்டம் 1931. அரசுப் பதவி என்றால், இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தைச் (பி.எஸ்.ஐ.) சீரமைக்க 1952-இல் சிறப்பு அதிகாரி, பிறகு அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமை. தாளில் இந்த இரண்டு பதவியும் இதே சொற்களில்தான் போகிறது, பெரிய பட்டம் எதுவும் சேர்க்கவில்லை.

கரும்பு விஷயத்தில்தான் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வாளையார் தாண்டினால் கோயம்புத்தூர், அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் 1939 வரை வேலை பார்த்தார். "நம்ம நாட்டுக் கரும்புக்கு இனிப்புத் தந்தவரே அவர்தான்" என்று மேடையில் சொல்வார்கள். ஆனால் காட்டுக் கரும்போடு கலந்து உண்டாக்கிய கோ 205 ரகம் 1918-இலேயே வந்துவிட்டது, பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்தது. ஜானகி அம்மாள் செய்தது குரோமோசோம் வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தவர் அவர். அதுவே எவ்வளவு பெரிய வேலை! பிறர் செய்ததை எடுத்து அவருக்குச் சூட்ட வேண்டிய தேவையே இல்லை.

அட்டை பற்றி ஒரு வார்த்தை. இங்கே கிடைப்பது மெல்லிசு, பேனா மை பின்பக்கம் ஊறுகிறது. கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய கடையில் கெட்டியான அட்டை நூறு நூறாக வெட்டித் தருகிறார்கள், வேலந்தாவளம் வழியாகப் போகிற யாரிடமாவது சொல்லி விட்டால் போதும்.

இன்னும் ஒட்டாதது கடைசி அட்டை. பாலக்காட்டு மழைக்காடான சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பர் 15, அவர் மதுரவாயலில் காலமானது அதே வருடம் பிப்ரவரி 7. எண்பது வயதில் அந்தக் காட்டுக்காகக் குரல் கொடுத்தவர் அறிவிப்பைப் பார்க்கவில்லை. போன வருஷத் தாளில் "பூங்கா அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தார்" என்று இருந்ததை அடித்துவிட்டேன், அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்றுதான் யோசனை. இரண்டு தேதியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வெறுமனே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது, திங்கட்கிழமை மாஷ் வந்தால் கேட்க வேண்டும்.

அதற்குள் அடுத்த முடிச்சை எடுத்தாயிற்று. 1811-இல் திருவிதாங்கூர் திவானான கர்னல் ஜான் மன்றோ ஒருவர், 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த ஜான் டேனியல் மன்றோ வேறொருவர். மூணாறு கதை சொல்கிற பலரும் இவர்களை ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள். வெற்று அட்டை இருபது மிச்சம் இருக்கிறது, அதில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தலைப்பு எழுதி வைத்துவிட்டேன்.