அங்கோரில் அரை நாளா, முழு நாளா?

அங்கோர் கோயில்களைப் பார்க்கக் கம்போடியாவில் உள்ள சியம் ரீப் ஊருக்குப் போவதற்கு முன் டூர் பதிவு செய்ய உட்கார்ந்தபோது அரை நாள், முழு நாள் என்று இரண்டே பட்டன்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, நேரமோ இரண்டு மடங்கு. அவ்வளவு தூரம் போய்விட்டு அரை நாளா என்று முழு நாளை அமுக்கிவிட்டேன். கூட வருவது 68 வயது அம்மா, போகும் மாதம் மார்ச் கடைசி. இந்த இரண்டும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அங்கோர் வாட் காலை 5 மணிக்கே திறந்துவிடுவதால் நாலரைக்கு வேன் வந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு இன்னும் நாலு ஓட்டல் வாசலுக்குப் போனது. இந்தச் சுற்றும் 'முழு நாள்' கணக்கில்தான் சேர்த்தி என்று பிறகு புரிந்தது. மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரமும் அதே கணக்கில்தான்.

ஆனால் முதல் மூன்று மணி நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். கோயில் மேற்குப் பார்த்தது. அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்புகிறது, குளத்தங்கரையில் கூட்டம் நெரிகிறது. உதயம் முடிந்ததும் பாதிப் பேர் கலைந்துவிட, கைடு எங்களை மேற்குப் பிரகாரத்துக்கு அழைத்துப் போனார். வலது பக்கச் சுவர் முழுக்கக் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மர். பல தலைமுறைகள் தடவித் தடவிக் கல் எண்ணெய் பூசினாற்போல் கறுத்துப் பளபளக்கிறது. இடது பக்கம் லங்கா யுத்தம். அனுமன் தோளில் ஏறி நின்று ராமன் வில் வளைக்கிறான். வேனில் வந்த மற்றவர்களுக்கு அனுமன் யார் என்பதிலிருந்து கைடு ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அம்மா பொறுமை போய் எனக்குத் தனியாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். கிழக்குப் பக்கம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி வந்ததும் அவரே முன்னால் நடந்தார்.

அடுத்து பேயோன் கோயில். எங்கே திரும்பினாலும் புன்னகைக்கும் முகங்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பதினொரு மணிக்கு ஒரு படிக்கட்டு நிழலில் அம்மா உட்கார்ந்து, "போதும்டா, இனிமே எல்லாக் கல்லும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார். மரவேர்கள் சுவரைக் கவ்வி நிற்கும் தா புரோம் போனது மதியம் இரண்டரைக்கு. கைடு என்னவோ சொன்னார். தலையாட்டினேன். ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இரண்டு டூருக்கும் நடுவில் வித்தியாசம் எத்தனை கோயில் என்பதில் இல்லை, ஒரு ஆள் பேசுவதை எத்தனை மணி நேரம் காதில் வாங்க முடியும் என்பதில் இருக்கிறது. எனக்கு நாலு மணி நேரம். அம்மாவுக்கு என்னைவிட அரை மணி கூடுதலாகவே இருக்கலாம்.

நல்லவேளை, கோயில்களுக்குள் நுழைய மூன்று நாள் பாஸ் எடுத்திருந்தோம். ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் 62. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். பெரும்பாலான டூர் கட்டணத்தில் இது சேராது, பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் முழு நாளைத் தவிர வழியில்லை. பந்தியாய் ஸ்ரீ போவதாக இருந்தாலும் அதுதான் சரி. 967-இல் எழுப்பிய அந்தச் சிவப்புக்கல் கோயில் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது; போக வர வண்டியில் உட்கார்வதே ஓய்வாகிவிடும்.

அரை நாள் என்றால் காலையா மாலையா என்பது வேறு கேள்வி. மேற்குப் பார்த்த அங்கோர் வாட்டின் முகப்பில் வெளிச்சம் விழுவது பிற்பகலில். பேயோன் கிழக்குப் பார்த்தது, அதற்குக் காலைதான். மாலை டூர்கள் பலவும் சூரிய அஸ்தமனத்துக்காக பாக்கெங் குன்றில் போய் முடிகின்றன. மேலே ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி, ஆக வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துப் போவது நல்லது.

நடுவில் ஒரு நாள் அறையிலேயே கிடந்துவிட்டு, அதற்கடுத்த நாள் காலை எங்களுக்கு மட்டுமாக ஒரு கைடு, ஒரு டுக்டுக், நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். தா புரோம் மட்டும் போதும் என்றோம். கைடுக்கே ஆச்சரியம். ஏழரைக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டோம். ஈரப் பாசி, பறவைச் சத்தம், ஆள் நடமாட்டம் குறைவு. அம்மா ஒரு கல்லில் உட்கார, கைடு அவர் பக்கத்திலேயே குந்திக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: மன்னன் ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தன் தாய்க்காக எழுப்பிய கோயில் இது. முதல் நாள் கைடும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் மொழிபெயர்த்ததும் அம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பனுக்கு ஒண்ணும் கட்டலையாமா?" என்றார்.

கைடு சிரித்துவிட்டார். கட்டியிருக்கிறான், 1191-இல், பிரியா கான் என்று பெயர், வடக்கே இருக்கிறது. "ஆனால் அது முழு நாள் டூரில்தான் வரும்" என்றார்.