அப்பா அறைச் சுவர்

அக்டோபர் 9, புதன்

கட்டிலுக்குப் பின்னால், ஸ்கர்ட்டிங் கல்லுக்கு மேலே உள்ளங்கை அளவு கறை. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். "அதான்" என்றார். எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. கறை பெரிதாகிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? பென்சிலால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்களாம். நாங்கள் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தோம். 2015 டிசம்பரில் அப்பாதான் அரிசி மூட்டையையும் பத்திரப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து மழையைப் பார்த்தபடி இருந்தார்.

தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்தான். மொட்டை மாடிதான் காரணம், வேறு எதுவும் இல்லை என்கிறான். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித்தான் தெரிகிறதோ.

அக்டோபர் 18, வெள்ளி

கொத்தனார் வந்தார். மொட்டை மாடியில் பதித்த தட்டு ஓடுகளின் இணைப்புகள் விட்டுப்போயிருக்கின்றன, முழுத் தளத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அறுபத்தைந்தாயிரம். கறை தரையை ஒட்டி இருக்கிறதே, மேல் சுவரும் கூரையும் காய்ந்துதானே இருக்கிறது என்று கேட்டேன். "தண்ணி எங்க இறங்கி எங்க வரும்னு சொல்ல முடியாதும்மா." அது உண்மைதான். ஆனால் கூரையில் ஒரு பொட்டு ஈரம் கூட இல்லாமல் பத்தடி கீழே மட்டும் வருமா? இணைப்புகளை மட்டும் அடைத்துத் தரச் சொன்னேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அப்பா ஒரு அதிரசம் முழுசாகச் சாப்பிட்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

கறை பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. நல்ல வெயில், துணி இரண்டு மணி நேரத்தில் காய்கிறது, மாடித்தளம் காலில் சுடுகிறது. அப்படியென்றால் காரணம் மழை இல்லை. மழை இல்லாமலும் ஓதம் வளர்கிறதென்றால் வீட்டுத் தண்ணீராக இருக்கலாம். இதைத் தம்பியிடம் சொன்னால் "இன்னும் கொஞ்ச நாள் பாரு" என்பான். அவன் இந்த அறையில் தூங்குவதில்லை. அப்பாவுக்கு இரவெல்லாம் இருமல்.

நவம்பர் 5, செவ்வாய்

சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாளை இதே நேரம் பிரிக்க வேண்டும். வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால் அறையின் ஈரக்காற்று. உள்பக்கம் என்றால் சுவருக்குள்ளிருந்து.

நவம்பர் 6, புதன்

உள்பக்கம்.

நவம்பர் 7, வியாழன்

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் பாத்ரூம். முதலில் ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரையும் போக விடவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அது தப்பித்தது.

அடுத்து தரை. தண்ணீர் போகும் ஓட்டையைத் துணிப்பந்தால் இறுக்கி அடைத்து இரண்டு அங்குலம் தேக்கி வைத்திருக்கிறேன். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறதென்றால் நாளைக்குள் மட்டம் குறையும், கறையும் கொழுக்கும். இன்று அப்பாவுக்குக் கட்டிலிலேயே துடைத்துவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். அது இல்லாததில் முகம் வாடிவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

தேக்கிய தண்ணீர் அப்படியே நிற்கிறது. தரை இல்லை.

இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தது. பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். பழைய பிளம்பர்கள் இப்படித்தான் கேட்பார்களாம். பாத்ரூம் குழாயில் வைத்தால் ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய இரைச்சல். எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியவில்லை, ஆனால் இருக்கிறது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது உள்ளே எது ஓடுகிறது? திரும்பிப் பார்த்தால் அப்பா விழித்திருந்தார். எத்தனை இரவாக விழித்திருக்கிறாரோ.

நவம்பர் 9, சனி

இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டிக்குள் குச்சி விட்டு நீர்மட்டத்தைக் குறித்து வைத்தேன். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. தையல் டேப்பால் தொட்டியின் சுற்றளவை அளந்தேன், 345 சென்டிமீட்டர். அப்படியென்றால் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஒன்பதரை லிட்டர். ஏழு மணி நேரத்தில் இருபத்தெட்டு லிட்டர்.

இரண்டு குடம். 2019 கோடையில் ஏரிகள் வற்றிப்போய், லாரிக்காக அப்பா விடிகாலையில் தெருமுனையில் குடங்களை வரிசையில் போட்டுக் காத்து நின்றார். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வாழைக்குத்தான் ஊற்றுவார். அவர் வீட்டில், அவர் தலைமாட்டில், ஒரு இரவுக்கு இரண்டு குடம் மண்ணுக்குள் போகிறது. அழுகையாக வந்தது. மாடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று இரவு தொட்டிக்கடியில் இருக்கும் கேட் வால்வை இறுக்கி மூடிவிட்டு அளந்தேன். மட்டம் அசையவில்லை. தொட்டி நன்றாக இருக்கிறது, லைனில்தான் கசிவு.

பிளம்பர் அண்ணன் வந்தார். பாத்ரூம் சுவரை மேலிருந்து கீழ் வரை உடைத்துப் பார்த்துவிடலாம் என்றார். லைன் எந்தப் பக்கம் போகிறது, வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார். 1994-ல் கட்டிய வீடு. ஒவ்வொரு குழாய் பதிக்கும்போதும் அப்பா பக்கத்தில் நின்றார், காகிதத்தில் எதுவும் இல்லை. எல்லாம் அவர் தலையில் இருக்கிறது.

அவர் இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். நோட்டில் ஒரு நீளக் கோடு போட்டார், திருப்பினார், அப்புறம் கோடு தாளைவிட்டுப் போர்வைக்கு ஓடியது. "இங்கயா அப்பா? மேலயா கீழயா?" "அதான்... அதான்..." நான் விடாமல் கேட்டேன். பென்சிலை வீசிவிட்டார்.

கேட்டிருக்கக்கூடாது. அண்ணனிடம், உடைக்க வேண்டாம், ஒரு வாரம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 11, திங்கள்

ஓதச் சுவரில் கையை வைக்காதீர்கள் என்று இன்று இரண்டு முறை அவர் கையை எடுத்துவிட்டேன். மறுபடி மறுபடி அங்கேயே வைக்கிறார். மூன்றாவது முறை என் கையைத் தட்டிவிட்டார். குரலை உயர்த்திப் பேசிவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. யாரும் வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

கீசருக்குள் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு மற்ற வால்வுகளெல்லாம் திறந்த நிலையில் இரவு அளந்தேன். மட்டம் இறங்கவில்லை! கீசரின் அடியில் ஒரு சொட்டும் இல்லை. ஆக, சுடுதண்ணீர் லைன். இது ஒன்று தெரிவதற்கு ஐந்து வாரம். சமையலறைக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சிங்க்கின் இடது குழாய் கண்ணில் பட்டது. சிவப்புப் பொட்டு வைத்த குழாய். மார்கழியில் அம்மாவுக்கு விரல் விறைக்கிறதென்று அப்பா அங்கே வரைக்கும் சுடுதண்ணீர் கொண்டுபோயிருந்தார். அம்மா போன பிறகு யாரும் அதைத் திறந்ததில்லை. அந்த லைன் பாத்ரூமிலிருந்து சமையலறைக்கு எந்த வழியாகப் போகும்? நடுவில் அப்பா அறை மட்டும்தான் இருக்கிறது.

நவம்பர் 16, சனி

அண்ணன் பிரஷர் பம்புடன் வந்தார். சுடுதண்ணீர் லைனின் எல்லா வாயையும் டம்மி போட்டு அடைத்துவிட்டு, கைப்பம்பால் அடித்து அழுத்தம் ஏற்றினார். அவர் ஒவ்வொரு அடியையும் உரக்க எண்ண, அறைக்குள்ளிருந்து அப்பாவும் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, தெளிவாக. பேச்சுப் பயிற்சி தரும் பெண் பத்தோடு நிறுத்திவிடுவார். இன்று பதினெட்டு வரை போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து கிலோ அழுத்தம் ஏற்றி விட்டதும் பம்ப் மீட்டரின் முள் கண்முன்னாலேயே இறங்கியது, பத்து நிமிடத்தில் இரண்டு. லைனில் ஓட்டை இருப்பது உறுதி. எங்கே என்பதுதான் கேள்வி.

டம்மிகளைக் கழற்றிவிட்டு, சமையலறைக் குழாயை மூடியே வைத்து, கீசரை அரை மணி நேரம் போடச் சொன்னார். அவர் சொன்ன கணக்கு இது: குழாய் மூடியிருந்தால் அந்த லைனில் தண்ணீர் நகரக்கூடாது, சூடு அந்தப் பக்கம் போகவும் கூடாது. போகிறதென்றால் வழியில் எங்கோ வெளியேறுகிறது. சூடு எதுவரை போகிறதோ அதுவரைதான் குழாய் நல்லது.

கட்டிலை இழுத்துவிட்டு, பாத்ரூம் மூலையிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டு வந்தேன். இடுப்பு உயரத்தில் ஒரு கோடாக இளஞ்சூடு. ஒரு முழம். இரண்டு முழம். அப்புறம் கோடு அகன்று ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சூடு. அதைத் தாண்டினால் ஜில். கீழே கறை இருந்த இடத்துக்கும் இதற்கும் மூன்றடி தள்ளி. காரைக்குப் பின்னால் செங்கல் வழியாகவே இறங்கி, அடியில் வந்துதான் வெளியே தெரிந்திருக்கிறது.

அந்தத் தட்டு இருக்கும் இடத்தில் பெயின்ட் லேசாக மங்கியிருந்தது. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வந்த மங்கல். அப்பாவின் கை.

தினமும் காலையில் அவர் குளிக்க கீசர் போடுவோம். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அங்கே கை வைப்பார். நான் எடுத்துவிட்டேன். திட்டினேன்.

சக்கர நாற்காலியைச் சுவரோரம் கொண்டுவந்து அவர் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன்.

"அதான்" என்றார். "அதான், அதான்."

நவம்பர் 17, ஞாயிறு

ஒரு சதுர அடி மட்டுமே உடைத்தார்கள். ஜிஐ எல்போ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின் வளைவு, துரு தின்று பொருக்குப் பொருக்காக இருக்கிறது. மரையை ஒட்டி ஊசி முனை ஓட்டை. கீசர் வால்வைத் திறந்ததும் மயிரிழை மாதிரி பீய்ச்சியது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, அது சூடேறினால் இரும்பை இன்னும் சீக்கிரம் அரிக்குமாம். முப்பது வருடம் தாங்கியதே பெரிது என்றார் அண்ணன்.

சமையலறை லைனை இங்கேயே டம்மி அடித்து முடித்துவிடலாம், செலவு மிச்சம் என்றான் தம்பி போனில். முடியாது என்றேன். புது சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் சிங்க் வரைக்கும் போகும். காரணம் கேட்டான், சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

புது லைனில் ஐந்து கிலோ ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தோம். முள் அசையவில்லை. எண்ணுவதற்காகவே அப்பா காத்திருந்தார். இருபத்திரண்டு.

நவம்பர் 24, ஞாயிறு

சுவர் காயாமல் பூசக்கூடாது, பூசினால் உப்பு மறுபடி தள்ளிவிடும் என்கிறார் கொத்தனார். பகல் முழுதும் ஃபேன் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. அப்பாவைக் கூடத்துக்கு மாற்றியிருக்கிறோம். அறையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஃபேன் நின்றால் என் மனசும் நின்றுவிடுகிறது. டார்ச் அடித்து மூன்று முறை கூரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொத்தனார் அடைத்த இணைப்புகள் தாங்குகின்றன.

டிசம்பர் 2, திங்கள்

பென்சில் கோட்டுக்கு உள்ளே நாலு விரல் அளவு காய்ந்துவிட்டது. அலுமினியத் தாளை மறுபடி ஒட்டியிருக்கிறேன். நாளை பிரிக்க வேண்டும். காலையில் அப்பாவை சிங்க் பக்கம் கூட்டிப்போய் இடது குழாயைத் திறந்துவிட்டேன். முதலில் ஜில்லென்று வந்தது. கையை எடுக்காமல் காத்திருந்தார்.