கிராங்க் பவர் மீட்டர்: துல்லியத்துக்கு முன் இடைவெளியைப் பாருங்கள்

சைக்கிளை மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் தேடும்போது பலரும் ±1 சதவீதமா ±2 சதவீதமா என்ற கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். இடது கிராங்கின் (மிதியைத் தாங்கும் கை) உட்புறத்துக்கும் செயின்ஸ்டேக்கும் (பின் சக்கரத்துக்குப் போகும் பிரேம் குழாய்) நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அங்கே ஒட்டப்படும் மீட்டர் பெட்டி 1 செ.மீ. வரை தடிமன் இருக்கும். 10 மி.மீ. ஆலன் கீ தாராளமாக நுழைந்தால் கவலையில்லை. பின் பிரேக்கைப் பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்க் அச்சு சுழலும் இடம்) அடியில் வைத்த ஏரோ பிரேம்களில்தான் அதிகம் இடிக்கும்.

ஷிமானோ ரோடு கிராங்க் என்றால் வேலை சுலபம். அதன் 24 மி.மீ. ஹாலோடெக் 2 அச்சில் 105, அல்டெக்ரா, டியூரா-ஏஸ் என்ற வரிசைகளில் எதன் இடது கிராங்கும் பொருந்தும். வலப்புறம் அல்டெக்ரா இருந்தாலும் 105 இடது கிராங்கில் வரும் மீட்டரை வாங்கலாம். நிறம் கொஞ்சம் ஒட்டாது, பணம் மிஞ்சும்.

இடது மட்டும் அளக்கும் மீட்டர் வந்த எண்ணை இரண்டால் பெருக்கிக் காட்டும். உண்மையில் 250 வாட், இடது கால் பங்கு 48 சதவீதம் என்றால் 120 × 2 = 240 தான் திரையில் வரும். இந்தப் பிழை நிலையாக இருந்தால் பரவாயில்லை. எஃப்டிபியும் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) அதே மீட்டரில் எடுத்ததுதானே. களைப்பிலும் வேகத்திலும் பங்கு மாறுகிறவர்களுக்கும், காலில் அடிபட்டு மீள்கிறவர்களுக்கும், வீட்டில் சைக்கிளை மாட்டி ஓட்டும் டிரெய்னர் கருவியின் எண்ணோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கும் வலது கிராங்கையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் ஸ்பைடரில் இருக்கும் மீட்டரே சரி. அது இரு கால் விசையையும் சேர்த்து அளக்கும். ஆனால் பல்சக்கரம் தனியாகக் கழலுமா என்று கேளுங்கள். 2019-ல் வந்த ஸ்ராம் ரெட் ஏஎக்ஸ்எஸ் இரட்டைப் பல்சக்கர மீட்டரில் பல்சக்கரங்களும் மீட்டரும் ஒரே துண்டு. பல் தேய்ந்தால் மீட்டரும் போச்சு.

ஷிமானோ இடது கிராங்கை மாட்டும்போது அச்சு முனையில் வரும் ப்ரீலோட் மூடியை 0.7–1.5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் பேரிங் பிடிக்கும். பிறகு பாதுகாப்புத் தகட்டை அழுத்திவிட்டு, கிராங்கின் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12–14 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுவர வேண்டும். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் பிடி சமமாக விழாது, கிராங்க் தளரும்.

ஹெட் யூனிட்டிலோ (ஹேண்டில்பாரில் மாட்டும் கணினி) செயலியிலோ கிராங்க் நீளத்தைச் சரியாகக் கொடுங்கள். 172.5 மி.மீ.-க்குப் பதில் 170 என்று இருந்தால் காட்டும் வாட் ஏறக்குறைய 1.5 சதவீதம் குறையும். விலை கொடுத்து வாங்கிய துல்லியம் அங்கேயே காலி. ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் ஜீரோ (விசை இல்லாத நிலையை மீட்டருக்குக் காட்டுவது) செய்யாதீர்கள். 10–15 நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகட்டும், மிதியில் கால் வைக்காமல் கிராங்கை நேர் கீழாக நிறுத்திச் செய்யுங்கள். ஜீரோ எண் நாளுக்கு நாள் எகிறினால் முதலில் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தையும் உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மீட்டரோடு வரும் பழைய டியூரா-ஏஸ் ஆர்9100-பி போன்ற செட் வாங்குவோர் வலது கிராங்கின் பின்புறத் தயாரிப்புக் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான, துண்டுகளை ஒட்டிச் செய்த ஹாலோடெக் ரோடு கிராங்குகள் ஒட்டு விடக்கூடும் என்று 2023 செப்டம்பரில் ஷிமானோ சோதனைக்கு அழைத்தது. சோதனை முடிந்ததற்கான ரசீது விற்பவரிடம் இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.