ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் சொல்லாதவை

என் மூத்த மகன் ஐந்தாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் 94 மதிப்பெண் வாங்கினான். ஏழாம் வகுப்பின் முதல் தேர்வில் அதே பாடத்தில் 41 வாங்கினான். நாங்கள் முதலில் புதிய ஆசிரியரைக் குறை சொன்னோம், பிறகு கைப்பேசியைக் குறை சொன்னோம், அதுவும் போதாமல் அவனுடைய நண்பர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் அவனுடைய பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டியபோது, ஐந்தாம் வகுப்பு நோட்டின் ஒரு பக்கத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று அவன் எழுதியிருந்ததையும், ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துச் சரியான வழிமுறையை எழுதிக் கொடுத்திருந்ததையும், அடுத்த பக்கத்திலிருந்து அவன் ஒரு பிழையும் இல்லாமல் அந்த வழிமுறையைப் பின்பற்றியிருந்ததையும் கண்டேன். அவனைக் கூப்பிட்டு, “2/5 என்பது அரையைவிடப் பெரியதா, சிறியதா?” என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “கீழே உள்ள எண்களைச் சமமாக்கிப் பார்க்க வேண்டும், அதற்குத் தாள் வேண்டும்” என்றான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை எப்படி அரையைவிடக் குறைய முடியும் என்ற ஐயம் பன்னிரண்டு வயதிலும் அவனுக்கு எழவில்லை.

அடுத்த ஆண்டு மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அந்த ஆண்டு முழுவதும் நான் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு நோட்டுகளைப் பார்ப்பதைக் கூட்டிக்கொண்டேன். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அப்போது கற்றுக்கொண்டது.

ஐந்தாம் வகுப்பின் மதிப்பெண் பெற்றோரை ஏமாற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வயதில் நினைவாற்றல் நன்றாக இருக்கிறது, பாடத்தின் அளவும் இன்னும் சிறியதாகவே இருக்கிறது, தேர்விலோ பாடநூலில் செய்துகாட்டிய கணக்குகளே எண்கள் மாறி வருகின்றன. ஆகவே புரிந்து செய்யும் பிள்ளையும் படிகளை மனப்பாடம் செய்த பிள்ளையும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைப் பெறுகிறார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்து விகிதம், சதவீதம், இயற்கணிதம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போதுதான் இருவருக்கும் இடையிலான வேறுபாடு வெளியே தெரிகிறது.

அந்த வேறுபாடு முதலில் பதுங்கும் இடம் பின்னம். அதுவரை பிள்ளை கற்ற எல்லா எண்களும் ஒரே ஒழுங்கில் நடந்தவை: பெரிய இலக்கம் இருந்தால் பெரிய எண், பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். பின்னத்தில் இந்த நம்பிக்கைகள் எல்லாம் தடுமாறுகின்றன. 8 என்பது 6-ஐவிடப் பெரியது என்பதால் 1/8 என்பது 1/6-ஐவிடப் பெரியது என்று பிள்ளை எண்ணுகிறது. 35 என்பது 5-ஐவிடப் பெரியது என்பதால் 0.35 என்பது 0.5-ஐவிடப் பெரியது என்று எழுதுகிறது. 8-ஐ அரையால் வகுத்தால் 16 வரும் என்பதைக் கேட்டு, வகுத்தால் எப்படிக் கூடும் என்று திகைக்கிறது. இவற்றைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களுள் ஒருவர்தான். உண்மையில் இவை மிகவும் ஒழுங்கான தவறுகள். முழு எண்களில் நன்றாகப் பழகிய பிள்ளை, அந்தப் பழக்கத்தையே புதிய எண்கள்மீது ஏற்றிப் பார்ப்பதன் விளைவு இது.

இதன் கனம் எவ்வளவு என்பதை 2012-இல் ராபர்ட் சீக்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளின் தரவுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தபோது, பத்து வயதையொட்டிய காலத்தில் பின்னத்திலும் வகுத்தலிலும் இருந்த தெளிவு, உயர்நிலைப் பள்ளியில் அதே பிள்ளைகளின் இயற்கணிதத் திறனையும் ஒட்டுமொத்தக் கணிதத் திறனையும் முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, பிள்ளையின் பொது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நிலைத்தது. இதைப் படித்த நாளில் மகனுடைய 94 மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

மகளோடு நான் செய்தது மிக எளிய வேலை. நீளமான தாள் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் 0, மறு முனையில் 1 என்று எழுதி, 3/4 எங்கே இருக்கும், 2/5 எங்கே இருக்கும், 0.35 எங்கே இருக்கும் என்று விரலால் காட்டச் சொன்னேன். பென்சிலும் கணக்கிடுதலும் கூடாது. முதல் வாரம் அவள் விரல் எங்கெங்கோ போயிற்று. பிறகு தாளை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால் என்று தானே பார்த்துக்கொண்டாள். ஒரு மாதம் சென்றபின், கூட்டல் கணக்கு எதையும் தொடங்கும் முன்பு “விடை ஒன்றைவிடக் கூடுமா, குறையுமா?” என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. வழிமுறையைப் பள்ளி கற்றுக் கொடுத்துவிடும். விடையின் அளவை முன்கூட்டி உணரும் பழக்கத்துக்கு வகுப்பறையில் பெரும்பாலும் நேரம் கிடைப்பதில்லை, வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

நீள் வகுத்தலில் தடுமாறும் பிள்ளைக்கு மேலும் வகுத்தல் கணக்குகளைக் கொடுப்பது வழக்கம். அதற்கு முன்பு வாய்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம். ஏழு எட்டு எத்தனை என்பதை விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தால், அதை எண்ணி முடிப்பதற்குள் வகுத்தலில் எந்தப் படியில் நின்றோம் என்பது மறந்துபோகும். வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைப் பழமை என்று ஒதுக்குவோர் உண்டு, நான் அவர்கள் பக்கம் இல்லை.

கணக்கிலிருந்து வாசிப்புக்கு வருகிறேன். உண்மையில் இவை இரண்டும் தனித்தனி அல்ல. ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் கப்பல் தலைவரின் வயது என்ன என்ற வினாவைப் பிரான்சில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, பலர் இரண்டு எண்களையும் கூட்டி 36 என்று விடை எழுதினார்கள். என் மகளிடமும் கேட்டேன், அவளும் 36 என்றாள். நான் சிரித்ததும் “வேறு எண் எதுவும் கொடுக்கவில்லையே!” என்று கோபித்துக்கொண்டாள். வாக்கியத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் இந்தப் பழக்கம் ஐந்தாம் வகுப்பில் வேரூன்றிவிட்டால் பின்னால் களைவது கடினம். கணக்கைப் படித்ததும் எதையும் எழுதாமல், அதைத் தன் சொற்களில் கதையாகச் சொல்லவைப்பது எங்களுக்குப் பயன்பட்டது.

முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளை வாசிக்கக் கற்கிறது, அதன்பிறகு கற்பதற்காக வாசிக்கிறது. வாசிப்பு ஆய்வாளர் ஜீன் சால் இந்த மாற்றம் ஏறத்தாழ ஒன்பது வயதில் தொடங்குவதாகக் கூறி, அதுவரை நன்றாக வாசித்த பிள்ளைகளுள் சிலர் நான்காம் வகுப்பையொட்டிச் சரிவதையும் சுட்டிக்காட்டினார். ஐந்தாம் வகுப்பில் அந்தச் சரிவு தெளிவாகத் தெரிய வேண்டும். ஆனால் சரளமாக உரக்க வாசிக்கும் பிள்ளையிடம் அது தெரிவதில்லை. என் மகள் தங்குதடையின்றி வாசிப்பாள், அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்ன படித்தாய் என்று கேட்டால் முதல் வாக்கியத்தை மட்டும் திருப்பிச் சொல்வாள். அவளுக்குத் தடையாக இருந்தவை ‘ஆவியாதல்’, ‘ஒளிச்சேர்க்கை’ போன்ற கலைச்சொற்கள் அல்ல, அவற்றை ஆசிரியரே விளக்கிவிடுகிறார். ‘இருப்பினும்’, ‘எனவே’, ‘அதற்கு மாறாக’, ‘விளைவாக’ போன்ற இணைப்புச் சொற்களை யாரும் விளக்குவதில்லை, பேச்சிலும் அவை அரிதாகவே வருகின்றன, பாடநூலிலோ முழுப் பத்தியின் பொருளும் அவற்றின்மீதுதான் நிற்கிறது. இரவில் நானே உரக்கப் படித்துக் காட்டும் வழக்கத்தை இரண்டாம் வகுப்போடு நிறுத்தியிருந்தேன், அதை மறுபடி தொடங்கினேன். பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாகப் படித்தால் சற்றுக் கடினமாக இருக்கும் நூலைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும், சொற்களும் வாக்கிய அமைப்புகளும் அப்படித்தான் முதலில் வந்து சேர்கின்றன.

தேர்வுக்குப் படிக்கும் முறையும் இந்த ஆண்டில்தான் உருவாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையே படிப்பு என்று கருதுகிறார்கள், நாமும் “இன்னொரு தடவை படி” என்றுதான் சொல்கிறோம். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில், பாடத்தை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். சிறுவர்களுக்கும் இது பொருந்துவதை வீட்டிலேயே கண்டேன். மூடி வைத்துவிட்டுச் சொல்வது வாசிப்பதைவிடக் கடினமாக இருப்பதால் பிள்ளைக்கு அது பிடிக்காது, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற எண்ணமும் வரும். அந்தக் கடினம்தான் வேலை செய்கிறது என்பதை முதல் சில வாரங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பாராட்டைப் பற்றியும் நான் கருத்தை மாற்றிக்கொண்டேன். “நீ கெட்டிக்காரன்” என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தோம். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட சோதனைகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே நடத்தப்பட்டவை. முதலில் எளிய புதிர்களைத் தீர்த்தவர்களுள் சிலரின் அறிவையும் சிலரின் முயற்சியையும் பாராட்டினார்கள், அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், பிறகு முதலில் கொடுத்த அளவுக்கே எளிதானவற்றைக் கொடுத்தார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் மூன்றாம் சுற்றில் முதல் சுற்றைவிடக் குறைவாகச் செய்தார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணை முகமறியாத வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களுள் கணிசமானோர் அதைக் கூட்டி எழுதினார்கள் என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது. மகன் ஏழாம் வகுப்பில் இரண்டு விடைத்தாள்களை எங்களிடம் காட்டாமல் மறைத்திருந்தான். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளை, தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு அஞ்சியிருக்கும்!

வீட்டுப்பாடத்தில் பெற்றோரின் கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடலாம். பள்ளிக்குக் கொண்டுபோகும் செயல்திட்ட மாதிரிகளை நள்ளிரவில் உட்கார்ந்து பெற்றோரே செய்து முடிப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கோணலாக ஒட்டிய அட்டை பிள்ளையுடையதாக இருக்கும். ஆறாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்துவிடுவார், எந்த நாளில் எதை ஒப்படைக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது பிள்ளையின் பொறுப்பாகிவிடும். ஆகவே ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் பையை அடுக்குவதையும் ஒப்படைப்பு நாட்களைக் குறித்து வைப்பதையும் மகளிடமே விட்டுவிட்டேன். மூன்று முறை நோட்டை மறந்துவிட்டுப் போய்த் திட்டு வாங்கினாள். நான்காம் முறை அப்படி நடக்கவில்லை.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்குவது இயல்பு. ஐந்தாம் வகுப்பு இந்த எல்லைக்குள் வருகிறது, ஒரே வகுப்பில் சிலருக்கு மாற்றம் நன்றாகத் தெரியும், சிலருக்குத் தொடங்கியே இருக்காது. மாதவிடாயைப் பற்றி மகளிடம் அது வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். மகனிடமும் பேச வேண்டும் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தோன்றியது. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. தேர்வுக் காலத்தில் பெற்றோர் முதலில் கை வைப்பது அந்தத் தூக்கத்தில்தான்.

டியூஷன் வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, எந்த இடத்தில் புரியவில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்கிறேன். மகனுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தனி வகுப்பு வைத்திருந்தோம். அங்கே அவன் பள்ளியில் செய்த அதே படிகளை இன்னும் வேகமாகச் செய்யப் பழகினான், எங்களுக்கும் மனநிறைவாக இருந்தது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதும் “எப்படிப் படிக்கிறாள்?” என்று கேட்டால் “நன்றாகப் படிக்கிறாள்” என்ற விடைதான் கிடைக்கும். “தெரியாத இடத்தில் கை உயர்த்திக் கேட்கிறாளா? பாடநூலில் இல்லாத கணக்கு கொடுத்தால் என்ன செய்கிறாள்?” என்று கேட்டபோது ஆசிரியர் சற்று யோசித்துவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும் தோழியின் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறாள் என்றார். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல் அதுதான்.

ஆண்டு முடிந்ததும் பழைய நோட்டுகளைக் கழித்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மகளின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டை மட்டும், தாள் துண்டுகள் ஒட்டிய பக்கங்களோடு எடுத்து வைத்தேன். ஆறாம் வகுப்பில் விகிதப் பாடம் தொடங்கிய வாரத்தில் அவள் அந்த நோட்டைத் தானாகவே தேடி எடுத்து, பின்னப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தத் தாள் துண்டை எப்படி மடித்தாள் என்று அவளிடம் கேட்டான்.