நேரம் குறிக்கும் முன் வாரத்தை எண்ணுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிசேரியன் என்று முடிவானால் அடுத்த வேலை ஜோசியரிடம் போவதுதான். ராகு காலம், எமகண்டம் தள்ளி, லக்னம் பார்த்து ஒரு நேரம் வாங்கி வருவார்கள். 39 வாரம் நிறைந்திருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நட்சத்திரம் 37-ஆவது வாரத்தில் வருகிறது என்று முந்தும்போதுதான் வம்பு.

வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். வலி எடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை வற்றவைக்கும். வலியே வராமல் எடுக்கும் குழந்தைக்கு அந்த உதவி கிடைக்காது. வாரமும் குறைந்திருந்தால் மூச்சு வாங்கும். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஆக்சிஜனோடு இன்னொரு பக்கம். டியூ தேதி என்பது 40 வாரம். அதற்கு ஏழு நாள் முன்புதான் 39 நிறையும். கடைசி மாத ஸ்கேனில் தேதி மாறியிருந்தாலும் முதல் மூன்று மாத ஸ்கேன் காட்டிய தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் எகிறினாலோ, நஞ்சுக்கொடிப் பக்கம் ரத்தம் போனாலோ எந்த வாரத்தையும் டாக்டர் பார்க்கமாட்டார், பார்க்கவும் கூடாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியாரில் 64. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்திருப்பது, பிள்ளை குறுக்கே கிடப்பது, தொப்புள்கொடி முன்னால் சரிவது, துடிப்பு இறங்கி மீளாதது: இவற்றில் சிசேரியன் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஸ்கேனில் 'கொடி சுத்தியிருக்கு' என்பது மட்டும் காரணமாகாது. கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்து நிற்கிறது என்பதும் அப்படித்தான்; உலக சுகாதார நிறுவனம் தீவிர வலியை 5 செ.மீ.யிலிருந்துதான் கணக்கிடுகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் ஆயாவும் அப்பத்தாவும் பத்தியத்தில் இறங்கிவிடுவார்கள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் நல்லதுதான். தண்ணீரைக் குறைப்பதுதான் தப்பு. மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும், சிறுநீரில் கிருமி சேரும். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க, மரத்தது தெளிந்ததும் பிடித்துக்கொண்டாவது நடக்க வேண்டும். வயிற்றில் வெந்நீரை ஓங்கி ஊற்றுவதும் இப்போது வேண்டாம். முதுகு வலிக்கு 'முதுகு ஊசி'யைத் திட்டுவார்கள். குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பதைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் தையலிலும் பாரம் விழாது.

பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பதை விட்டுவிடுங்கள். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம், சீம்பால் போதும். சிசேரியனில் பால் இறங்க ஒரு நாள் பிந்தலாம். அதற்காகப் புட்டிப்பாலுக்கு ஓடாமல், அடிக்கடி சப்பவைத்தால் இறங்கிவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியைத் தேடுங்கள்: கர்ப்பப்பையில் எங்கே அறுத்தார்கள்? வயிற்றுத் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்காக என்றிருந்தால் அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயலலாம். முயல்பவர்களில் நாலில் மூன்று பேருக்குக் கைகூடுகிறது, கர்ப்பப்பைத் தையல் விடுவது இருநூறில் ஒருவருக்கு. மேலே நெடுக்காக என்றிருந்தால் முயலக் கூடாது. அந்தத் தாளை ஜாதகத்தோடு சேர்த்து வையுங்கள், தொலையாது.