முதல் கமிட்டுக்கு முந்தைய அரை மணி நேரம்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் குழுவின் வாட்ஸ்அப்பில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று ஜிப் கோப்புகள் வரிசைகட்டி நிற்கும். கோப்புகளின் மாற்றங்களை கமிட் கமிட்டாக (ஒவ்வொரு கமிட்டும் ஒரு பதிவு) சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய குழுக்களிலும் சில, ஜிப்புக்கே திரும்பிவிடுகின்றன. பெரும்பாலும் முதல் நாளில் விழுந்த முடிச்சுதான் காரணம்.

நால்வர் குழு என்று வையுங்கள். ரெப்போவை (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்) ஒருவர் மட்டும் உருவாக்குங்கள். ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் உருவாக்கும்போதே ரீட்மீயையும் (ப்ராஜெக்ட் அறிமுகக் கோப்பு), உங்கள் நிரல்மொழிக்கான கிட்இக்னோர் மாதிரியையும் (கிட் விட்டுவிட வேண்டிய கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். பிரைவேட்டாக வைத்து மற்ற மூவரையும் கொலாபரேட்டராகச் சேர்க்கலாம், இலவசக் கணக்கே போதும். பிறகு நால்வரும் அதன் நகலைத் தங்கள் கணினிக்கு இறக்கும் 'கிட் க்ளோன்' மட்டும்தான். யாராவது தன் கணினியில் தனியாக 'கிட் இனிட்' அடித்துப் புது ரெப்போ தொடங்கிக் கமிட் செய்திருந்தால், புஷ் (கிட்ஹப்புக்கு அனுப்புவது) நிராகரிக்கப்படும். புல் செய்தால் (அங்கிருந்து இறக்கினால்) இரண்டு வரலாறுகளுக்கும் தொடர்பில்லை என்று பிழை வரும்.

கிட்இக்னோரில் நோட் மாட்யூல்ஸ், பைத்தானின் வென்வ் (இரண்டும் இறக்கிய லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர்கள்), பில்ட் ஃபோல்டர், ரகசியக் கீகள் இருக்கும் டாட் என்வ் கோப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று முதல் கமிட்டுக்கு முன்பே பாருங்கள். ஏற்கெனவே கமிட்டான கோப்பை கிட்இக்னோர் கண்டுகொள்ளாது. 'கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட்' அடித்து விலக்கி, மறுபடி கமிட் செய்ய வேண்டும். அந்த 'கேஷ்ட்' விட்டுப்போனால் ஃபோல்டர் உங்கள் டிஸ்கிலிருந்தும் போய்விடும்.

டேட்டாசெட் விஷயம் இதைவிட மோசம். 100 எம்பியைத் தாண்டிய கோப்பை கிட்ஹப் ஏற்காது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கிறது, அதனால் புஷ் திரும்பத் திரும்பத் தோற்கும். வழி இது: முதலில் புல் செய்யுங்கள், 'கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின்' அடியுங்கள். புஷ் ஆகாத கமிட்டுகள் கலையும், கோப்புகள் அப்படியே இருக்கும். பெரிய கோப்பை 'கிட் ரெஸ்டோர் --ஸ்டேஜ்ட்' கொண்டு வெளியே எடுத்து, கிட்இக்னோரில் பெயரைச் சேர்த்து, மீண்டும் கமிட் செய்யுங்கள். ஏபிஐ கீ (வெளிச் சேவைக்கான ரகசியக் குறியீடு) புஷ் ஆகிவிட்டதென்றால் கோப்பை அழிப்பதில் பயனில்லை. அந்தக் கீயையே ரத்து செய்து புதிது எடுங்கள்.

கல்லூரி லேப் கணினியில் வேறொரு தொல்லை. முந்தைய மாணவரின் பெயர் குளோபல் கான்ஃபிக்கில் (எல்லா ரெப்போவுக்கும் பொதுவான கிட் அமைப்பு) கிடக்கும். உங்கள் உழைப்பு அவர் பெயரில் பதிவாகும். ரிவ்யூவில் யார் எவ்வளவு செய்தார் என்று கைடு கேட்கும்போதுதான் இது தெரியவரும். ரெப்போவுக்குள் நின்று, 'குளோபல்' போடாமல், 'கிட் கான்ஃபிக் யூசர்.நேம்', 'யூசர்.ஈமெயில்' இரண்டையும் கொடுங்கள். மின்னஞ்சல் உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்த்ததாகவே இருக்கட்டும்.

புஷ் செய்யும்போது 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வந்தால், உள்நுழைவு விவரங்களைச் சேமிக்கும் விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய ஆளின் கிட்ஹப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். 2021 ஆகஸ்ட் 13 முதல் கணக்கின் பாஸ்வேர்டு புஷ்ஷுக்குச் செல்லாது. டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக கிட்ஹப் தரும் குறியீடு) வேண்டும், அல்லது பிரவுசர் வழியாக உள்நுழைய வேண்டும். லேபை விட்டுக் கிளம்பும்போது உங்கள் பதிவையும் நீக்கிவிடுங்கள்.

உட்கார்ந்ததும் புல், எழுந்திருக்கும் முன் புஷ். நான்கு பேருக்குப் பெரிய பிராஞ்ச் (தனிக் கிளை) திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு பிராஞ்ச், இரண்டு நாளில் மெர்ஜ் (மெயினோடு இணைப்பு). ஒரே இடத்தை இருவர் மாற்றிக் கான்ஃபிளிக்ட் வந்தால் அம்புக்குறி, சமக்குறி வரிகளுக்கிடையே இரு வடிவங்களும் தெரியும். வேண்டியதை வைத்துக் குறிவரிகளை அழியுங்கள். ஒருவரின் எடிட்டர் மட்டும் சேவ் செய்யும்போதெல்லாம் கோப்பு முழுவதையும் ஃபார்மேட் செய்தால் வீண் கான்ஃபிளிக்ட் குவியும், ஆகவே நால்வரும் ஒரே ஃபார்மேட்டரை வையுங்கள். ஜூபிட்டர் நோட்புக் என்றால் அவுட்புட்டை அழித்துவிட்டுக் கமிட் செய்யுங்கள்.

ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்பு புதிய ஃபோல்டரில் க்ளோன் செய்து ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லையென்றால், ஏதோ ஒரு கோப்பு யாரோ ஒருவரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது.