அந்த எண்கள் என்னுடையவை அல்ல

போன மாதம் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. என் சித்தப்பா மகனின் பெயரைச் சொல்லி, கடனைக் கட்டச் சொல்லுங்கள் என்று மிரட்டினார்கள். ஒரு கடன் செயலியில் எட்டாயிரம் ரூபாய் வாங்கித் தவணை தவறியிருக்கிறான். அவன் போனில் இருந்த எல்லோருக்கும், பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியருக்குக்கூட, இதே அழைப்பு போயிருக்கிறது.

“செயலி கேக்குறதுக்கெல்லாம் ‘அலவ்’ குடுத்தாத்தானண்ணா அடுத்த பக்கமே போகுது” என்றான்.

கடன் செயலிகள் காண்டாக்ட்ஸ், அழைப்புப் பட்டியல், கோப்புகள் எதையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. அதை மதிக்காதவர்களிடமிருந்து தப்ப, அனுமதி கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

அன்று இரவே என் போனை எடுத்து உட்கார்ந்தேன். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் பர்மிஷன் மேனேஜர். காண்டாக்ட்ஸைத் தொட்டதும் அதைப் படிக்கும் செயலிகள் எல்லாம் ஒரே பட்டியலில் வந்தன. மொத்தம் 19! போட்டோவுக்கு ஃபிரேம் போடும் செயலிக்கு என் அத்தையின் நம்பர் எதற்கு? நான்கைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மறுத்தேன்.

அடுத்தது லொகேஷன். ஆண்ட்ராய்டு 12 முதல் வரும் பிரைவசி டேஷ்போர்டில், கடந்த 24 மணி நேரத்தில் எது எப்போது இடத்தைப் பார்த்தது என்று தெரியும். மளிகைச் செயலி ஒன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்திருந்தது. ‘எப்போதும்’ என்று இருந்ததை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றினேன். வானிலைச் செயலிக்குத் துல்லியமான இடம் வேண்டாம், தோராயமே போதும். டாக்ஸிக்கு அப்படி வைத்தால் டிரைவர் அடுத்த தெருவில் போய் நிற்கிறார். அதற்கு மட்டும் துல்லியமான இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யூபிஐ செயலியில்தான் மாட்டிக்கொண்டேன். எஸ்எம்எஸ் அனுமதியை எடுத்ததும் திறக்கவே மறுத்தது. சிம் நம்முடையதுதானா என்று சரிபார்க்க அதற்கு எஸ்எம்எஸ் வேண்டும். சரி, அது நியாயமான தேவை என்று விட்டுவிட்டேன்.

அனுமதியை எடுத்தாலும் ஏற்கெனவே போன விவரம் திரும்பி வராது. அதனால் வேண்டாத செயலிகளில் முதலில் கணக்கை அழித்தேன், அப்புறம்தான் செயலியை நீக்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள் அம்மாவின் போன். அதில் காண்டாக்ட்ஸைப் படித்தவை 26.